இடது பின் சக்கரத்துக் கீறல்

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் டிக்கெட் சோதித்தவன் நான். பஸ்ஸை வழிமறித்து ஏறி ஐம்பது முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தால் எவனிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்துவிடும். திடீரென்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பவன் ஒருவன் இருப்பான். தூங்குவதாக நடிப்பவன் ஒருவன் இருப்பான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் எனக்கு மூடவில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், எதிர்வீட்டுக்காரர் நம் வீட்டைப் பார்த்துத்தான் கேமரா மாட்டியிருக்கிறார் என்று நாள் முழுக்க எனக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்துச்சே, உங்க சந்தேகத்துக்கு வரலையா?" என்று ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அப்போது எங்கள் வீட்டுக்குக் கார் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கார் அவள் சம்பாத்தியம். எரியோட்டுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு கிராமத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடம். பல வருஷம் திண்டுக்கல்லில் இருந்து டவுன் பஸ்ஸில்தான் போய் வந்தாள். பிறகு வலது முட்டி தேய்ந்துபோனது. பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏறும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால்தான் ஐம்பத்து நான்கு வயதில் டிரைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு சின்னக் கார் வாங்கினாள். அந்தக் கார் இல்லையென்றால் இன்று இல்லாவிட்டாலும் நாளை அவள் வேலையை விட வேண்டியதுதான். இது எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம்.

ஷோரூமில் காரைக் காட்டியபோது என் கண் நேராகச் சக்கரத்துக்குத்தான் போனது. சாதாரண இரும்பு ரிம், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. "என்னய்யா இது, சட்டி மூடி மாதிரி?" என்றேன். இந்த மாடலுக்கு இதுதான் வரும் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு இரும்பை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று தோன்றியது. கார் வந்த வாரமே தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு கடைக்கு ஓட்டிப்போய், பதினாறு இஞ்சில் அகலமான அலாய் ரிம் நான்கு பொருத்திக்கொண்டு வந்தேன். மெல்லிய டயர், பளபளக்கும் வெள்ளி நிறம். தெருவே திரும்பிப் பார்த்தது. "ஸ்கூலுக்குப் போறதுக்கு இம்புட்டு மினுக்கு எதுக்குங்க?" என்றாள் அவள். "சும்மா இரு டீச்சர், உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். பழைய பதினைந்து இஞ்சு இரும்பு ரிம்களைச் சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டுவைத்தேன்.

இன்னொரு காரியமும் அதே மாதம் செய்தேன். எங்கள் வீட்டுக்கு இடது பக்கத்து வீட்டுக்காரர் பூ வியாபாரி. விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, ஈரச் சாக்கோடு பைக்கை எங்கள் வாசல் சரிவில்தான் நிறுத்துவார். சாக்கிலிருந்து வடிகிற தண்ணீர் நேராக எங்கள் கேட்டுக்கு வரும். செத்த நேரம்தான் என்பார். இன்றைக்குப் பைக்கை நிறுத்துகிறவர் நாளைக்கு இடமே தன்னுடையது என்று சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கொத்தனாரைக் கூப்பிட்டு, சாக்கடைக் கல்லிலிருந்து கேட் வரைக்கும், சரிவின் இடது ஓரமாக நீளமாய் ஒரு சிமெண்ட் கட்டை கட்டச் சொன்னேன். ஆறு விரற்கடை உயரம். டிப்போவில் பார்த்துப் பழகிய கண் அல்லவா, அதற்கு மஞ்சளும் கறுப்புமாக நானே உட்கார்ந்து பட்டை பட்டையாய்ப் பெயின்ட் அடித்தேன். பூ வியாபாரி பார்த்துக்கொண்டே நின்றார். "நல்லாருக்குண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த 'நல்லாருக்கு' எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் கீறலை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடது பின் சக்கரத்தில், ரிம்மின் விளிம்பில், சாண் நீளத்துக்கு யாரோ அரத்தால் ராவியதுபோல் இருந்தது. மனைவியைக் கேட்டேன். "நான் எங்கயும் இடிக்கலைங்க" என்றாள். காரைக் கழுவக் கொடுக்கும் தண்ணீர் சர்வீஸ் கடையில் கேட்டேன். அங்கே இருந்தவர், "பெரியவரே, நாங்க தண்ணிய அடிக்கிறோம், கல்ல அடிக்கலை" என்றார். பூ வியாபாரியிடம் நேரடியாகக் கேட்கவில்லை. அவர் வீட்டு வாசலில் ஏதாவது இரும்புக் கம்பி கிடக்கிறதா என்று மட்டும் நோட்டம் விட்டேன்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் கார் வந்து நின்றதும், மனைவி உள்ளே போய் முகம் கழுவுகிற நேரத்தில், நான்கு சக்கரத்தையும் போனில் படம் எடுத்துவைத்தேன். இரண்டு வாரத்தில் அந்தக் கீறல் முழங்கை நீளம் ஆனது. முன் சக்கரத்திலும் லேசாக ஒன்று விழுந்தது. எல்லாம் இடது பக்கம்தான். வலது பக்கத்துச் சக்கரங்கள் மட்டும் கடையில் வாங்கியபடியே பளபளவென்று இருந்தன. எவனோ குறிவைத்துச் செய்கிறான் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

பேகம்பூர்ப் பக்கம் டயர்க் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் காரைக் கொண்டுபோனேன். என் வயதுக்காரர், வெள்ளைத் தாடி, நிதானமான மனுஷர். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து, டயருக்கும் ரிம்முக்கும் குறுக்கே செங்குத்தாக வைத்தார்.

"பாருங்க சார். ஸ்கேல் எதுல முட்டுது?"

ரிம்மில்தான் முட்டியது. ரப்பர் உள்ளடங்கி இருந்தது.

"ரிம்மு ஆறரை இஞ்சு அகலம். நீங்க போட்டிருக்க டயர் அதுக்கு ஒல்லி. இழுத்துப் பிடிச்ச மாதிரி நிக்குது. எந்தக் கல்லு பக்கத்துல வந்தாலும் முதல்ல ரிம்முதான் வாங்கும். டயரும் குட்டை. உங்க வண்டியோட வந்த பழைய ரிம்மு இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"அதை எடுத்துட்டு வாங்க. பதினஞ்சு இஞ்சு, அஞ்சரை அகலம். அதுல நூத்தி எம்பத்தஞ்சு, அறுவத்தஞ்சு டயர் போட்டா, ரப்பர் ரிம்ம விட்டு வெளிய பிதுங்கி நிக்கும். உயரமும் கூட. கல்லுல உரசினாலும் ரப்பரு தேயும், ரிம்மு தப்பிச்சிரும்."

என் மூக்கு வேர்த்தது. அலாய் ரிம்மைக் கழற்றிவிட்டு, தூக்கிப்போட்ட இரும்பை மறுபடி மாட்டச் சொல்கிறார். அப்படியானால் என் அலாய் நான்கும் எங்கே போகும்? "இது இருக்கட்டும் பாய், யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"யோசிங்க. அலாயும் உங்க வீட்டுலயே இருக்கட்டும். பிள்ளை கல்யாணத்துக்கு மாட்டிக்கலாம்" என்று சிரித்தார்.

இது என்னை இன்னும் குழப்பியது. அலாய் வேண்டாம் என்கிறார், ரிம் நம் வீட்டிலேயே இருக்கிறது என்கிறார், அப்படியென்றால் இவருக்கு இதில் என்ன லாபம்? லாபம் என்னவென்று தெரிந்த ஆளைச் சமாளித்துவிடலாம். தெரியாத ஆளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் முப்பத்தோரு வருஷத்துப் பாடம்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். டயரில் எழுதியிருக்கும் முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பரின் உயரம் என்பது. மூன்றாவது, ரிம் எத்தனை இஞ்சு என்பது. இப்போது இருப்பது நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஐம்பத்தைந்து, பதினாறு. ரப்பர் உயரம் நூற்றேழு மில்லி. பாய் சொன்னதில் நூற்றிருபது. பதின்மூன்று மில்லி கூடுதல் ரப்பர். அதனால் சக்கரம் பெரிதாகி ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும், அங்கே பாயை மடக்கிவிடலாம் என்று முழு விட்டத்தையும் கூட்டிப் பார்த்தேன். ரிம் ஒரு இஞ்சு குறைகிறது, ரப்பர் கூடுகிறது. இரண்டும் ஏறக்குறைய அறுநூற்றிருபத்தோரு மில்லி. அரை மில்லிதான் வித்தியாசம். அட போங்கய்யா என்று தாளைக் கசக்கிப் போட்டேன். கணக்கு இவ்வளவு சரியாக வந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த வாரம் சக்கரங்களை இடம் மாற்றிப் போட மறுபடியும் பாய் கடைக்குப் போனேன். அவர் கழற்றும்போது நான் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒருவேளை இவரே கீறிவிட்டால்? இடது பின் சக்கரத்தைக் கையில் எடுத்தவர், கீறலை விரலால் தேய்த்து என்னிடம் காட்டினார்.

"சார், இதுல மஞ்சப் பெயின்ட் ஒட்டியிருக்கு பாருங்க. கறுப்பும் இருக்கு. தடுப்புக் கட்டை மாதிரி ஏதோ ஒண்ணுல தினம் உரசுது. எங்க உரசுதுன்னு கண்டுபிடிங்க. எந்த டயர் போட்டாலும் கல்லுக்கு முழுசாத் தாங்காது. கல்லுகிட்ட போகாம இருக்கணும்."

மஞ்சளும் கறுப்பும்! எரியோட்டுப் பாதையில் ஒரு வளைவில் அந்த மாதிரித் தடுப்புக் கட்டை இருக்கிறது. அந்த வழியில் நான் எத்தனை பஸ்ஸை மறித்து ஏறியிருக்கிறேன். டீச்சர் அங்கேதான் உரசுகிறாள், உரசிவிட்டு 'நான் எங்கயும் இடிக்கலைங்க' என்று பச்சைப்பிள்ளை மாதிரிச் சொல்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அன்று சாயங்காலம் அவள் காப்பி டம்ளரை வாயில் வைப்பதற்குள் போனை அவள் முன்னால் வைத்தேன். தேதிவாரியாக எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன்.

"இது பன்னெண்டாம் தேதி. இது பதினஞ்சு. இந்தா பாரு, இது நேத்து. இதுல மஞ்சப் பெயின்ட். எரியோட்டு வளைவுல இருக்கே, அதே பெயின்ட். இப்பவாவது உண்மையச் சொல்லு."

அவள் படங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"தினமும் எடுத்தீங்களா?"

"ஆமா."

"நான் உள்ள வந்ததுக்கப்புறமா?"

"பின்ன? உன் முன்னாடி எடுத்தா நீ சும்மா இருப்பியா?"

"நான் இடிக்கலைன்னு சொன்னேன்ல."

"டிக்கெட் இல்லாதவன் எவன்டீ டிக்கெட் இல்லைன்னு சொல்லியிருக்கான்?"

சொல்லியிருக்கக் கூடாது. வாயை விட்டு வந்துவிட்டது. அவள் எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து ஃபிரிட்ஜ் மேலே வைத்தாள். "இனிமே நான் இதைத் தொடல. உங்க ரிம்மு உங்களுக்குப் பத்திரமா இருக்கட்டும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் அவள் அப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது, பிள்ளைகள் பயப்படுவதில் ஆச்சரியமில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் போனாள். சாயங்காலம் வந்ததும் கைப்பையைத் திறந்து, அன்றைய பஸ் டிக்கெட்டை எடுத்து என் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். பெண்களுக்கு இலவசம் என்பதால் டவுன் பஸ்ஸில் கொடுக்கும் டிக்கெட்டில் கட்டணம் பூஜ்யம் என்றுதான் இருக்கும். அடுத்த நாளும் வைத்தாள். அதற்கடுத்த நாளும். என்ன சொல்ல வருகிறாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வேண்டாம் என்று அதை ஒதுக்கி வைத்திருக்கலாம். பழக்கதோஷம், ஒவ்வொரு டிக்கெட்டையும் எடுத்து, ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். அவள் அடுப்படியிலிருந்து அதைக் கவனித்திருக்கிறாள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். "வலிக்குதா?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லையே" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஐந்தாம் நாள் டிக்கெட்டில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்தேன். அதுவரை பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தவள், அன்று அடுத்த நிறுத்தத்தில் ஏறியிருந்தாள். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. இரண்டு நிறுத்தத்துக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர் இருக்கும். முட்டி வலிக்காரி எதற்காக அங்கே போய் ஏற வேண்டும்? அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் அவள் அக்கா வீடு. சரிதான், பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து என்னைப் பற்றி ஒரு பாட்டம் ஒப்பாரி வைத்துவிட்டுத்தான் வருகிறாள் என்று முடிவு கட்டினேன். அந்த அக்காவுக்கு என்னை எப்போதுமே ஆகாது. கல்யாணத்தில் மோதிரம் விஷயமாக நான் ஒரு கேள்வி கேட்டதிலிருந்து.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கொஞ்சம் தள்ளி ஒரு தீவனக் கடை. அதை ஒட்டி நின்ற லாரிக்குப் பின்னால் காரை ஒளித்து நிறுத்தினேன். நாலேகாலுக்கு அவள் வெளியே வந்தாள். பள்ளிக்கூட நிறுத்தத்தைத் தாண்டி, எரியோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளை நன்றாக முன்னே போகவிட்டு, நகர்வதே தெரியாமல் காரை உருட்டினேன். அவள் நடையைத் தூரத்திலிருந்து பார்த்து எத்தனை காலம் ஆகிறது! வீட்டுக்குள் இரண்டு அறைகளுக்கு நடுவே நடக்கும்போது எதுவும் தெரிவதில்லை. இங்கே ரோட்டோரத்தில், இடது காலை ஊன்றி, வலது காலை இழுத்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று போனாள். பாதி வழியில் ஒரு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி எழுந்தாள். அக்கா வீட்டுத் தெரு வந்தது. திரும்புவாள் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை, அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

நிறுத்தத்தில் புதிதாக ஒரு சிமெண்ட் மேடை போட்டிருக்கிறார்கள். ரோட்டிலிருந்து ஒரு முழ உயரம். பின்பக்கம் சரிவு இருந்தது. அவள் அந்தச் சரிவு வழியாக மெதுவாக மேலே ஏறி, மேடையின் விளிம்பில் போய் நின்றாள். பஸ் வந்து மேடையை உரசினாற்போல் நின்றது. மேடையும் பஸ்ஸின் முதல் படியும் ஏறக்குறைய ஒரே மட்டம். அவள் காலைத் தூக்கவே இல்லை. அறையிலிருந்து அறைக்குப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

ஒன்றரை அடிப் படியில் ஏற முடியாமல், அந்த ஒரு மேடைக்காக முக்கால் கிலோமீட்டர் நடக்கிறாள். இறங்கி ஓடிப்போய் அவளைக் கூப்பிடத்தான் நினைத்தேன். ஆனால் பின்தொடர்ந்து வந்தது தெரிந்துவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே பின்னால் பார்த்துவிடுவாளோ என்று ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டேன். டிக்கெட் இல்லாதவன் செய்கிற அதே வேலை.

அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும் என்று பஸ்ஸை முந்திக்கொண்டு விரட்டினேன். பதற்றத்தில் ஏசி போடவில்லை, கண்ணாடிகள் எல்லாம் இறங்கியே இருந்தன. எங்கள் தெருவில் நுழைந்து, வீட்டுச் சரிவுக்கு இடது பக்கமாகத் திருப்பினேன். சாக்கடை மேல் போட்ட கல் எப்போதும்போல 'கடக்' என்று ஆடியது. அந்தச் சத்தத்துக்கு அடியில், இத்தனை நாள் மூடிய கண்ணாடிக்குள் கேட்காத இன்னொரு சத்தம் கேட்டது. 'கர்ர்ர்' என்று பின்னாலிருந்து, நீளமாக.

இறங்கிப் பார்த்தேன். இடது பின் சக்கரம், நான் கட்டிய கட்டையில், நான் அடித்த மஞ்சள் பெயின்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. முன் சக்கரம் பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. திரும்பும்போது பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வந்து கட்டையில் உரசுகிறது. பஸ் வளைவில் திரும்பும்போதும் இப்படித்தான் என்பது எனக்குத் தெரியாதா? கட்டையின் மேல் விளிம்பு முழுக்க வெள்ளிக் கோடுகள். எத்தனையோ நாள் கோடுகள். அவள் கார் கொண்டு வந்த நாட்களுடையதும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னாளப்பட்டிக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டிவிட்டு நான் கொண்டு வந்து நிறுத்தியதும் இருக்கும். சக்கரத்தை எண்பது படம் எடுத்தவன், கட்டையை ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

கடப்பாரையை எடுத்து வந்து அங்கேயே இடிக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டுப் பூ வியாபாரி வெளியே வந்தார். செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சம்மட்டி ஒன்றை எடுத்து வந்து மறுபக்கத்திலிருந்து இடித்தார்.

"நான் அன்னைக்கே பாத்தேண்ணே. டீச்சரக்கா கார் திருப்பையில உரசுச்சு. நீங்க திருப்பையிலயும் உரசுச்சு" என்றார்.

"பாத்துட்டு ஏன்யா சொல்லலை?"

"சொன்னா, நான்தான் கீறிட்டேன்னு சொல்லுவீங்க."

தொடர்ந்து இடித்தேன்.

மனைவி வந்தபோது வாசலில் செங்கல் துண்டுகள் கிடந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். டிக்கெட்டைக் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் சாக்கை அவிழ்த்து இரும்பு ரிம்கள் நான்கையும் எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். ஸ்டூல் பக்கம் போகவில்லை, வெளியே டீக்கடையில் நின்றேன். பாய் அங்கிருந்தே கூப்பிட்டார். "என்ன சார், இன்னைக்கு ஸ்டூல் வேணாமா?" காது மடல் சூடாகிவிட்டது எனக்கு. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. புது டயரை மாட்டி முடித்ததும் அதே இரும்பு ஸ்கேலை என் கையில் கொடுத்தார். செங்குத்தாக வைத்துப் பார்த்தேன். ரப்பரில்தான் முட்டியது. ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே சுண்டுவிரல் போகிற இடைவெளி இருந்தது. "இப்ப வீட்டம்மாகிட்ட தைரியமாக் குடுங்க" என்றார்.

சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்ததும் சாவியை அவள் முன்னால் வைத்தேன். போனை எடுத்து, படங்களை ஒவ்வொன்றாக அவள் பார்க்கப் பார்க்க அழித்தேன். கட்டையில்தான் உரசியிருக்கிறது, தப்பு என்னுடையது, பழைய ரிம்மையே மாட்டிவிட்டேன், இனி எங்கே உரசினாலும் ரப்பர் தாங்கிக்கொள்ளும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

"கட்டைதான்னு எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நேத்துச் சாயங்காலம். கார் கொண்டாந்து திருப்பும்போது."

"நேத்து எங்க போனீங்க?"

முப்பத்தோரு வருஷம் நான் கேட்ட கேள்வி இது. எங்கே ஏறினாய், எங்கே போகிறாய். பொய் சொல்கிறவன் எங்கே தடுமாறுவான் என்று எனக்குத் தெரியும். அங்கேயே நானும் தடுமாறினேன். பிறகு சொல்லிவிட்டேன். தீவனக் கடை, லாரி, அவள் நடந்தது, பாலத்தில் உட்கார்ந்தது, மேடையில் ஏறியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் பின்னாடியே வந்தீங்களா?"

"ஆமா."

"நம்ம கார்லயா?"

"ஆமா."

அவள் சாவியை விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"நான் அம்புட்டுத் தூரம் காலை இழுத்துக்கிட்டு நடந்தேன். நீங்க பின்னாடி கார்ல வந்திருக்கீங்க. பக்கத்துல நிறுத்தி, ஏறுடின்னு சொல்ல உங்களுக்குத் தோணலையா?"

அவள் சாவியை எடுக்காமல் அடுப்படிக்குப் போனாள். அடுத்த மூன்று பள்ளிக்கூட நாளும் டிக்கெட் வந்தது, அதே நிறுத்தம், அதே நேரம். நான்காம் நாள் காலை நான் எழுந்தபோது மேஜையில் சாவி இல்லை, வாசலில் கார் இல்லை. சாயங்காலம் சாக்கடைக் கல் 'கடக்' என்று ஆடியது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை. எழுந்துபோய்ச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று கால் துடித்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், அவள் உள்ளே வந்து காப்பி கேட்கும் வரைக்கும்.